மூன்று கூட்டல் குறி

"கெட்ட வியாதிடா!" என்று எஸ்டேட் கிளார்க் காகிதத்தைப் பார்த்துக் கூவியபோது, சீனிச்சாமி கைகட்டி நின்றுகொண்டிருந்தான். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து பங்களாவில் சமையல் வேலைக்கு, ரத்தம் சோதித்த பிறகுதான் ஆள் எடுப்பேன் என்று புது மேனேஜர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு கூட்டல் குறி போட்டிருக்கு. பொம்பளச் சகவாசத்துல வர்றது."

"என் பொண்டாட்டியத் தவிர எவளையும் தெரியாதுண்ணே!"

பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கச் சேதி பரவியது. மறுநாளே மாமனார் சுடலை மலையேறி வந்து, மகள் கருப்பம்மாளைத் தன் ஊரான தேவாரத்துக்கு அழைத்துப் போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

சோதனையில் ஏதோ தப்பு என்று, குளிர்காய்ச்சலில் நாலு நாள் கிடந்து எழுந்த கையோடு போடிக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தான். இந்தத் தடவை மூன்று கூட்டல் குறி. ஊசியாவது போட்டுத் தொலைப்போம் என்று இடுப்பில் பென்சிலின் போட்டுக்கொண்டான். ஊசி வலியில் நொண்டி நொண்டி மலையேறியவனைப் பார்த்து, அதுவரை நம்பாத ஒன்றிரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

தேவாரத்துக்கே போனான்.

"தப்ப ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளுங்க மாப்ளே. இப்பவே அனுப்பிவைக்கிறேன்" என்றார் சுடலை.

"செய்யாததை எப்படி மாமா..."

"அப்ப வெரசா கெளம்புங்க."

அவள் இல்லாத வீட்டில் ஒன்றரை மாதம் தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தவன். தலையைக் குனிந்தான்.

"ஆமா மாமா. புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்."

சுடலை சொன்ன சொல் தவறவில்லை. "கெளம்பு ஆத்தா" என்றார். கதவோரம் நின்ற கருப்பம்மாள்தான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் மறுபடி காய்ச்சல். போடியில் புதிதாக வந்திருந்த டாக்டர் அவனைத் தலைமுதல் கால்வரை பரிசோதித்தார். பழைய காகிதங்களையும் வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கா ஊசி போட்டாங்க? மலேரியா வந்த ரத்தமும் இந்தச் சோதனையில இப்படித்தான்ப்பா காட்டும். ஒனக்கு இருக்கிறது அந்த மலைக்காய்ச்சல் மட்டுந்தான்."

காய்ச்சலோடு பஸ் ஏறினான் சீனிச்சாமி. தேவாரத்து வீட்டு வாசலில் கருப்பம்மாளின் தங்கை செல்லக்கிளி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்காகிட்டச் சொல்லு தாயி! அந்தக் காகிதம் பொய்யாம். டாக்டரே சொல்லிட்டாரு!"

செல்லக்கிளி கீரையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காகிதத்த அக்கா ஒரு நாளும் நம்பல மச்சான். நீங்க ஒத்துக்கிட்டதத்தான் நம்புச்சு."