ஓநாய்மீனும் ஒரு வெள்ளை முடியும்

நீர்க்காப்புப் பெட்டிக்குள் அரை டம்ளர் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதில் கேமரா இடுப்பளவு நனைந்து நின்றது. ஓட்வார் பெட்டியை இடப்பக்கம் சாய்த்தார். தண்ணீர் இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் ஓடிவந்தது.

"கடலுக்குள்ள ஒரு சொட்டுகூட இல்ல, பெரித். மேல வந்ததும் பார்த்தேன். உள்ள நல்லா காய்ஞ்சு கிடந்துச்சு."

"அப்புறம் எப்படித் தண்ணி வந்துச்சாம்?" என்றாள் மனைவி, உருளைக்கிழங்கு சீவியபடியே.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று சொல்லி ஓட்வார் சமையலறைக் கதவைச் சாத்தினார். ஒட்டுக்கேட்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஃபுளோரோ என்ற அந்தக் கடலோர ஊரின் துறைமுகத் தெருவில் ஓட்வாருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. சந்தேகம் அவருடைய தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். கண் பரிசோதிக்கும் சுவர் அட்டையின் கடைசி வரியை யாராவது தடுமாறாமல் படித்துவிட்டால், 'மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருக்கான்' என்று நினைத்து அட்டையை மாற்றிவிடுவார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, ஒரு பாறைப் பொந்துக்குள் ஓநாய்மீன் ஒன்று தன் கோணல் பற்கள் அத்தனையும் தெரிய, ஓட்வாரைப் பார்த்து வாயைப் பிளந்தது. படம் எடுத்தாயிற்று. முக்குளிப்போர் சங்கத்தின் போட்டியில் ஜெயிக்கிற படம் நூலகச் சுவரில் ஒரு வருடம் தொங்கும். அந்தச் சுவரில் வருடா வருடம் தொங்குவது சங்கத்துக் கூட்டாளி எகில் எடுத்த படம்தான். இந்தத் தடவை தன்னுடையது என்று அவர் ஆணியைக்கூட மனசுக்குள் அடித்துவிட்டார்.

இப்போது அந்தப் படம் தண்ணீருக்குள் இருந்தது.

பெட்டியைத் திறந்து தண்ணீரைக் கொட்டினார். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு முடி ஒட்டியிருந்தது. வெள்ளை முடி. வளையத்தில் ஒரு முடி கிடந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். ஓட்வாருடைய தலையோ வழுக்கை.

"பெரித், நம்ம ஊர்ல யாருக்கு வெள்ளை முடி?"

"பாதி ஊருக்கு."

"இது தலைமுடி இல்ல. சுருண்டிருக்கு பாரு. தாடி!"

சங்கத்தில் தாடி வைத்த ஒரே ஆள் எகில்.

அதற்கப்புறம் ஓட்வாருக்கு ஒவ்வொன்றாகப் புலப்பட ஆரம்பித்தது. கைவார் கேமராவின் மேல் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அவர் எப்போதும் தொங்கவிடுகிறவர். கேமராவை ஆன் செய்து பார்த்தார். திரை ஒரு நொடி மின்னி, ஆங்கிலத்தில் என்னவோ சொல்லி, லேசாகப் புகைவிட்டு அணைந்தது.

"ஆங்கிலம்! நான் நம்ம மொழியிலதான் வெச்சிருந்தேன்! உள்ள பூந்து எல்லாத்தையும் மாத்திட்டுப் போயிருக்கான். கரையில எல்லாரும் உப்பு போகட்டும்னு கேமராவைத் தொட்டித் தண்ணியில ஊறப்போட்டுட்டுக் காபி குடிச்சோம்ல, அப்போ நடந்திருக்கு இது."

"ஈரமா இருக்கிறதை ஏன் ஆன் பண்ணினே?"

"தடயத்தைப் பார்க்க வேண்டாமா?"

உப்பு போகட்டும் என்று கேமராவை நல்ல தண்ணீரில் முக்கியெடுத்தார். அந்தத் தண்ணீர் போகட்டும் என்று, சனிக்கிழமைக் கஞ்சிக்கு பெரித் வைத்திருந்த அரிசிக்குள் புதைத்தார். ராத்திரி முழுக்கக் கிடந்த பிறகு எடுத்துக் குலுக்கினால், லென்சுக்குப் பின்னால் ஓர் அரிசி கிலுகிலுத்தது. அரிசி ஈரத்தில் உப்பியிருக்கும், காயட்டும் என்று ஓவனுக்குள் இளஞ்சூட்டில் வைத்தார். பொத்தான்கள் எல்லாம் கூழாகி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. மெமரி கார்டு இருந்த மூடி, இனி என்ன ஆனாலும் திறப்பதில்லை என்கிற மாதிரி உருகி ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் போன் அடித்தது. எகில்.

"டேய் ஓட்வார்! ஓநாய்மீன் எப்படிடா வந்திருக்கு?"

ஓட்வார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேவு பாக்கறான்" என்று பெரித்திடம் சைகை காட்டினார். பிறகு, "உன் படமெல்லாம் எப்படி?" என்றார்.

"நான் இன்னும் பெட்டியவே திறக்கலடா. கீழ போனதும் ஒரே காது வலி. எல்லாம் அப்படியே காருல கிடக்கு."

போனை வைத்ததும் ஓட்வார் நாற்காலியில் சாய்ந்தார். "படம் எடுத்தவன் எவனாவது ரெண்டு நாளா திறந்து பார்க்காம இருப்பானா? பொய்யிலகூட ஒரு ஒழுங்கு வேணாமா?"

"முப்பது வருஷமா உன் கூட முங்குற மனுஷன். நேராவே கேட்டுட வேண்டியதுதானே?"

"கேக்கறேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

சங்கம் கூடுவது படகுக் கொட்டகையில். வாஃபிளும் பழுப்புச் சீஸும் சுற்றிவந்துகொண்டிருந்தபோது ஓட்வார் எழுந்து நின்றார். கான்டாக்ட் லென்ஸ் டப்பாவைத் திறந்து, அதிலிருந்த முடியை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

"இது யாரோடது?"

தலைவி ரன்வெய் வாயிலிருந்த வாஃபிளை மெல்லுவதை மறந்தாள். "என்ன ஓட்வார், சாப்பாட்டுல கிடந்துச்சா?"

எகில் எட்டிப் பார்த்துத் தன் தாடியோடு ஒப்பிட்டார். "என்னோடதுதான். அதுக்கென்ன?"

இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வார் என்று ஓட்வார் எதிர்பார்க்கவில்லை. அதனால் சந்தேகம் இரட்டிப்பானது.

"என் கேமரா வளையத்துல இருந்துச்சு. நீ என் பெட்டியைத் திறந்திருக்கே. மெனுவை மாத்தியிருக்கே. தண்ணி புகவிட்டு என் ஓநாய்மீனைக் கொன்னுட்டே."

முதலில் எகில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"உன் கேமரா தண்ணி குடிச்சிருச்சா? ஐயோ, சொல்லவே இல்லையேடா. என்னோடதை வேணா எடுத்துக்கோ. போட்டி முடியறவரைக்கும் வெச்சுக்கோ."

"பாத்தீங்களா? குத்தமுள்ள நெஞ்சு. ஈடு குடுக்கப் பாக்கறான்!"

எகிலின் முகம் மெல்லச் சுருங்கியது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். ஆணியில் தொங்கிய படகுச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். சங்கத்துக்கு இருந்த ஒரே படகு அவருடையது.

"என் படகுல திருடன் இருக்கான்னு நீ சொல்றே. அப்போ அந்தப் படகு உங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார்.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ஓட்வாரைப் பார்த்தார்கள். 'எல்லாரும் அவன் ஆளுங்கதான்' என்று ஓட்வாருக்கு உறைத்தது. ஆனாலும் வீட்டுக்கு நடந்துபோகும்போது கால் ஏனோ இழுத்தது. எகில் போனது கோபமாக அல்ல, அழப்போகிறவன் மாதிரி.

ஆதாரம் வேண்டும். கார்டை வெளியே எடுத்துவிட்டால், எகில் உள்ளே கைவைத்த தடம் அதில் இருக்கும். மறுநாள் கடையை மூடியதும், கண்ணாடிச் சட்டத்துக்குப் பயன்படுத்தும் குட்டித் திருப்புளியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேசையில் உருண்டன. ஃபிளாஷ் பக்கமிருந்த ஒரு சின்னத் தகட்டைத் திருப்புளி முனை தொட்டது.

பளீர் என்று ஒரு பொறி. ஓட்வார் துள்ளி எழுந்தார். கேமரா கையிலிருந்து பறந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் சூப்புக்குள் போய் விழுந்தது.

பெரித் அகப்பையால் அதைத் துழாவி எடுத்தாள். லென்ஸ் முனையிலிருந்து பாலும் வெண்ணெயும் சொட்டின. ஒரு கேரட் வட்டம் ஃபிளாஷின் மேல் ஒட்டியிருந்தது.

"இப்போ இதுல உப்புத் தண்ணி, நல்ல தண்ணி, அரிசி, சூப்பு எல்லாமே இருக்கு. போதுமா, இல்ல இன்னும் ஏதாவது போடணுமா?" என்றாள்.

"நான் என்ன பண்ணினேன்? ஆரம்பிச்சு வெச்சது அவன்."

வாசல் மணி அடித்தது. ஓட்வார் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். எகிலின் மனைவி சிஸ்ஸல், மழைக்கோட்டில், கையில் ஒரு துணிப்பையுடன் நின்றிருந்தாள்.

"சமாதானம் பேச அனுப்பியிருக்கான்" என்று ஓட்வார் கிசுகிசுத்தார். "நான் அசையமாட்டேன்."

பெரித் கதவைத் திறந்தாள். சிஸ்ஸல் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். ஓட்வார் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நேத்து கூட்டத்துலேருந்து வந்து படுத்தவரு, இன்னும் வாயே திறக்கல. என்னன்னு கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு" என்றாள் சிஸ்ஸல்.

"மனசாட்சி உறுத்துது போல" என்றார் ஓட்வார்.

"என்ன எழவோ. நான் இப்பதான் காரைக் கூட்டிப் பெருக்கினேன்." அவள் பைக்குள் கைவிட்டு, ஒரு நீர்க்காப்புப் பெட்டியை எடுத்து மேசையில், திருகாணிகளுக்கு நடுவே வைத்தாள். உள்ளே துளி ஈரமில்லை. "ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே மாதிரி வாங்கினா இப்படித்தான், தொட்டியிலேருந்து மாத்தி எடுத்துட்டு வந்திருக்காரு. போட்டுப் பார்த்தேன், உங்க ஓநாய்மீன் வாயைப் பொளந்துக்கிட்டு நல்லா விழுந்திருக்கு, ஓட்வார். அவரு கேமராவைக் குடுங்க, நான் கிளம்பறேன்."