தலை கறுக்காத இறால்

செங்கல்வராயன் ஐஸ் பெட்டியைத் திறந்தார். சட்டென்று மூடினார். கண்தான் கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திறந்தார். இறால் தலையெல்லாம் கறுத்துத்தான் கிடந்தது.

"போச்சுடா!"

போனது இறால் மட்டுமா? மகள் புஷ்பாவின் கல்யாணமல்லவா! பொன்னேரிப் பக்கம் இறால் குட்டை வெட்டியவனெல்லாம் மோட்டார் பைக்கில் பறந்த காலம் அது. அப்படி ஒருவன்தான் மாப்பிள்ளை ஜானகிராமன். ஆனால் புஷ்பாவின் தாய்மாமன், ஆவடி குவார்ட்டர்ஸ் கஜபதி, "குட்டைய நம்பி பொண்ணு குடுக்கறதா?" என்று முறுக்கிக்கொண்டார். தாய்மாமன் தலையாட்டாமல் தட்டு மாற்ற முடியுமா?

"காலைல நானே எறங்கிப் புடிச்சது மாமா" என்று மாப்பிள்ளை ஒரு பை இறாலைக் கொடுத்துவிட்டுக் கூடவே பாடமும் நடத்திவிட்டுப் போனான். அவ்வளவுதான், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் செங்கல்வராயன் ஒரே நாளில் இறால் விஞ்ஞானி ஆகி, கஜபதியிடம் சவாலும் விட்டுவிட்டார்.

"மச்சான், குட்டைத் தண்ணி சுத்தமா இருக்கணும். தீனி அளவா போடணும். புடிக்கறதுக்கு முன்னாடி பட்டினி போடணும். அந்த எறா ஐஸ்ல ஒரு வாரம் கெடாது. ஞாயித்துக்கெழமை வந்து பாரு. தலை கறுத்திருந்தா இந்த சம்பந்தமே வாணாம்!"

வாய் சும்மா இருந்ததா!

இன்னும் ஐஸ் வாங்கிக் கொட்டினார். இறால் தலை கழன்று கையோடு வந்தது. மஞ்சள் தண்ணீரில் அலசினார். கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு முன்னைவிட நாறியது.

"இன்னாங்க, மாப்ள பட்டினி போடலியா?" என்றாள் மனைவி வனஜா.

"சும்மா இருடி! ரெண்டு வாய் கூடத் துன்னிருக்கும்."

ஞாயிறு விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடி, மீன்காரி வேம்புலியம்மாளிடம் துள்ளுகிற இறாலாகப் பார்த்து வாங்கிப் பெட்டியில் மாற்றினார். அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால்? அவள் வாயை அடைக்கவும் ஒரு வழி செய்தார்.

"ஆருகிட்டயும் சொல்லாதம்மா. பொண்ணு நிச்சயத்துக்கு நீயும் வந்துடு."

"உன் விசயத்தை நான் ஏன் நைனா பேசப் போறேன்?"

கஜபதி வந்தார். ஒரு இறாலை எடுத்து மோந்தார். அதன் மீசை விறைப்பாக நின்றது.

"ஒரு வாரம் ஐஸ்ல இருந்த எறாவா மாமா இது? இப்பதான் புட்ச்சா மாறி கீது! தொயில்னா இது தொயிலு!"

அதற்கப்புறம் கஜபதியைப் பிடிக்க முடியவில்லை. நிச்சயத்தன்று வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, பட்டினி போட்ட இறாலின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

வேம்புலியம்மாள் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். செங்கல்வராயன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மகராசி சொன்ன சொல் தவறவில்லை. அவரைப் பற்றி மூச்சு விடவில்லை. தட்டும் மாற்றியாயிற்று. அப்பாடா என்று அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையும் கழுத்துமாக நின்ற ஜானகிராமனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்த வேம்புலியம்மாள், வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்:

"அட, நீதானா மாப்ள? அன்னிக்கு எங்கிட்ட எறா வாங்கிகினு போறப்பவே சொன்னேனே, பழசு தம்பி, ஐஸ்ல வெச்சா தலை கறுத்துப்பூடும், உடனே ஆக்கிடுன்னு... ஆக்கினியா?"