பட்டியலில் முதல் பெயர்

உலகில் நீதிக்கு ஒரு தலைமையகம் உண்டென்றால், அது பேகம்பேட்டில் எங்கள் வீடு ஒதுக்கீட்டுப் பிரிவில்தான் இருக்க வேண்டும். ஊழியர் குடியிருப்பில் தரைத்தள வீடு கேட்டு 212 பேர் காத்திருக்கிறார்கள். முன்பு அதிகாரிகள் பார்த்து வீடு கொடுத்தார்கள். இப்போது கணினி பார்த்துக் கொடுக்கிறது. கணினிக்கு மச்சான் கிடையாது.

நான் அங்கே ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்பவள். பேசுவது என் வேலையில் சேராது.

திங்கள்தோறும் சாருலதா அக்கா வருவார். அவருக்கு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் இரண்டிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர் கணவர் ஏழு மாதமாகக் கீழே இறங்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் பை விட்டுக் காய்கறி வாங்குகிறார்.

"என் நம்பர் எவ்வளவு சார்?"

எங்கள் அதிகாரி சௌந்தரராஜன் சார் திரையைப் பார்த்தார். "206."

"போன வாரம் 203ன்னீங்க!"

"எண்ணிக்கை கூடுதுல்ல? வளர்ச்சிம்மா."

அவர் போனதும், விதிப்படி, அவருடைய பதிவில் "நேரில் வந்து விசாரித்தார்" என்று சேர்த்தேன்.

அக்கா எழுதிக் கொடுத்த பதினோராவது புகாருக்குப் பிறகு, மென்பொருளைக் கவனிக்கும் கிருஷ்ணபிரசாத் வரவழைக்கப்பட்டார். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

"சார், இதுல ஒரு டிரிக்கர் இருக்கு. ஒருத்தரோட பதிவுல எதைச் சேர்த்தாலும் அது தானா ஓடி, கடைசியாத் திருத்தின தேதிய இன்னைக்கு தேதியா மாத்திடும்."

"நல்லதுதானே?"

"அது சரி. ஆனா பட்டியலும் அந்தத் தேதிப்படிதான் அடுக்குது. பழைய தேதி மேல, புதுசு கீழ. அக்கா வந்து கேக்குறாங்க, இவங்க பதியறாங்க, அக்கா கடைசிக்குப் போறாங்க."

"வந்து கேக்காதவங்க?"

"மேல ஏறிட்டே இருப்பாங்க."

சாரின் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஒழுக்கமான சாஃப்ட்வேர்!"

"ஐயோ, தப்பு சார் இது. விண்ணப்பம் குடுத்த தேதிப்படி அடுக்கணும். ஒரு வார்த்தைய மாத்தினா முடிஞ்சது."

"நக்கோ, வேணாம்! கமிட்டி சொல்லாம ஒரு புள்ளியக்கூடத் தொடக் கூடாது."

கமிட்டி கூடியது. இரண்டு தட்டு சமோசா காலியானதும், பிழைக்கு "அமைதி காப்போர் முன்னுரிமைத் திட்டம்" என்று பெயர் சூட்டிவிட்டுக் கலைந்தது.

அடுத்த திங்கள் மாடிப்படியிலேயே கிருஷ்ணபிரசாத் அக்காவை மறித்தார். "அக்கா, இனிமே இங்க வராதீங்க. போன்கூடப் பண்ணாதீங்க."

"கைக்கு? ஏன் வரக் கூடாது?"

"கேட்டா கடைசிக்குப் போயிடுவீங்க. கேக்காம இருந்தா வீடு."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா என் முழங்காலாவது மிச்சமாகியிருக்கும்!"

ஐந்து மாதம் அவர் வரவில்லை. மற்றவர்கள் வந்து, கேட்டு, கீழே போனார்கள். ஒரு தரைத்தள வீடு காலியான அன்று முதல் பெயர்: சாருலதா. சாவி வாங்க வரச் சொல்லிச் சாரே அழைத்தார்; அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். அக்கா கணவர் கயிற்றை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாராம்.

"அஞ்சு மாசம் ஒரு வார்த்தை கேக்கல. இவங்களைப் பாராட்டாம வீடு குடுக்கலாமா?" என்றார் சார். "டைப் பண்ணும்மா. 'தங்கள் பொறுமையை இப்பிரிவு மனமாரப் பாராட்டுகிறது.' அவங்க பதிவுலயே போடு."

என் விரல் நின்றது. தேதி மாறிவிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது. அடித்தேன்.

சார் "ஒதுக்கு" பொத்தானை அழுத்தினார். ஒதுக்கீட்டு ஆணை வெளியே வந்தது: பழனிசாமி.

"பழனிசாமியா?" அக்கா எழுந்துவிட்டார். "அவர் போய் நாலு மாசம் ஆச்சே சார்! காரியத்துக்கு நானே போயிருந்தேன்!"

உண்மைதான். அன்று அவர் பதிவில் "ஆழ்ந்த இரங்கல்" என்று நான்தான் சேர்த்தேன். அதனால் கடைசிக்குப் போனவர், பிறகு ஒருமுறைகூட வந்து விசாரிக்கவில்லை.

"இப்ப நீங்க விசாரிக்கிறீங்களா?" என்று கேட்ட சார், என் பக்கம் திரும்பினார். "பதிவு பண்ணும்மா."

பண்ணினேன். நான்காவது மாடியிலிருந்து கயிறு மறுபடி இறங்கியது.

சாவி சாரின் மேஜையில் இருக்கிறது. வந்து பெற்றுக்கொள்ளும்படி பழனிசாமிக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டோம். பதில் இல்லை. "எவ்வளவு அடக்கமான மனுஷன்!" என்கிறார் சார்.

திட்டம் மாபெரும் வெற்றி. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக இதுவரை இரண்டு பேர் பயன் பெற்றிருக்கிறோம். அவருக்கு வீடு. எனக்கு, போன திங்கள் முதல், இன்னும் ஒரு வருட ஒப்பந்தம்.