வெட்டா, கரண்டா?

இனிக் கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மீராமுகைதீன் வட்டவிதானையார் அடித்துச் சொல்லிவிட்டார். சூறாவளி அடித்த மறுவருஷம் அது. கல்முனை வட்டையில் வாய்க்கால் தண்ணீருக்கு அவர்தான் பொறுப்பு. வாய்க்கால் துப்பரவாக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் எந்த வயற்காரப் போடியும் வரமாட்டான். அதனால் அவர் அப்படிக் கூப்பிடுவதே இல்லை. கூட்டத்தைக் கூட்டி, "ஞாயிறா, திங்களா?" என்று மட்டும் கேட்பார். எந்த நாள் என்று சண்டைபிடித்து, கடைசியில் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் கொழும்பு டொக்டர் கண்ட இடத்திலெல்லாம் சோதித்து, புரஸ்டேட்டில் புற்றுநோய், ஆரம்பம்தான் என்றார். வெட்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் கதிர் பாய்ச்சலாம். ஊரில் அதற்குக் கரண்ட் பிடிப்பது என்று பெயர். இந்த நிலையில் இரண்டுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்றும் சொன்னார்.

"எனக்கு ஒண்டும் வாணா! வந்தது வரட்டும்!"

ஊர் அதை வீரம் என்றது. உள்ளுக்குள் அவருக்குப் பயம்.

"சூறாவளியில கூர போச்சு, தாங்கின நான். நீங்க போனா ஏலா மச்சான்" என்று அழுதாள் மனைவி றாஹிலா. அவர் அசையவில்லை.

ஒரு கிழமை கழித்து, சோறு போடும்போது, "வெட்டுறதுதான் நல்லம்" என்றாள்.

"வெட்டுறதா? மறுகா மூத்திரம் நிக்காதாமே! ஓட்ட மதகு மாதிரி ஒழுகித் திரியவா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே. கரண்ட் எண்டா ஆறேழு கிழம போகோணும். வயிறு கலக்கும், மூத்திரம் எரியுமாம்."

"எரிஞ்சா எரியட்டும்! கத்தி படாதே!"

"வெட்டினா முழுசா எடுத்துப் பாக்கலாம். கரண்டுல அது செத்திச்சா இல்லையா எண்டு ஆருக்குத் தெரியும்?"

"டொக்டருக்குத் தெரியும்! ரெண்டும் ஒண்டு எண்டு அவர்தானே சொன்ன!"

றாஹிலா குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டாலயும்... அந்த விஷயமும் கொறயுமாம்."

"அதுலயும் வெட்டுத்தான் மோசம்!" என்றார் வட்டவிதானையார், யோசிக்காமலே.

நாலு நாள் சண்டை. ஐந்தாம் நாள் றாஹிலா கையெடுத்துக் கும்பிடாத குறை. "கரண்டெண்டா கரண்டு. உங்களோட ஆருக்குக் கதைக்க ஏலும்?"

வென்ற மிதப்பில் அவரே டிப்போவுக்குப் போய்க் கொழும்பு பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீட்டுப் பிடித்தார். "வீட்டுல வெட்டோணும் எண்டு நிண்டா. நான் விடல்ல" என்று பக்கத்து வயல் வேலப்போடியிடமும் பெருமையடித்தார்.

பஸ் அம்பாறையைத் தாண்டியது. வழியில் நாலைந்து பேர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நில்லு புள்ள. நான் போறதே இல்ல எண்டுதானே சொன்ன நான்?"

"ஓம்."

"அப்ப எப்பிடி இந்த பஸ்ஸுல இரிக்கன்?"

றாஹிலா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"வட்டக் கூட்டம் நம்மட முத்தத்துலதானே வைக்கிற நீங்க. முப்பது வருஷமா குசினிக்குள்ள இருந்து நான் கேட்டுக்கொண்டுதானே இரிக்கன்."