பரிசாக வந்த பிளம்பர்

நாற்பத்தோராவது வயதில் ரெபேக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவள் வீட்டில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: புருஷன். மற்றதெல்லாம் இருந்தது. இருபது வருஷ நர்ஸ் உத்தியோகத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ என்று ஒவ்வொன்றாக வாங்கி, மைசூரு ஹெப்பாளில் மூன்றாவது மாடி ஃபிளாட்டை நிரப்பி வைத்திருந்தாள். மாப்பிள்ளை கிங்ஸ்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரிடமும் இதே சாமான்கள்தான். பெண்டாட்டி மட்டும் பாக்கி.

அவருடைய வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், மாப்பிள்ளைக்கு முன்னால் சாமான்கள் வந்து சேர்ந்தன. ஹாலில் இரண்டு ஃபிரிட்ஜும் சம்பந்திகள் மாதிரி எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றன.

இதற்கு நடுவே சமையலறை சிங்க்குக்கு அடியில் குழாய் ஒழுகியது. இரண்டாவது மாடி தேவம்மா வீட்டுக் கூரையிலிருந்து அது சொட்டியது. "ஏன்ரீ சிஸ்டர், நான் தோசை ஊத்தினா நீங்க மேலேருந்து தண்ணி ஊத்தறீங்க. அசோசியேஷன்ல சொல்லி உங்க லைனையே கட் பண்ண வெச்சிடுவேன்" என்று தேவம்மா படியேறி வந்து எச்சரித்துவிட்டுப் போனாள். மூன்று பிளம்பர்கள் வருவதாகச் சொன்னார்கள். சொன்னதோடு சரி.

அக்கா மகள் ஜேன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவள்தான் யோசனை சொன்னாள்.

"சித்தி, ரெஜிஸ்ட்ரி போட்டுடலாம்."

"ரெஜிஸ்தர் ஆபீஸா? கல்யாணம் சர்ச்சுலடி."

"அது இல்ல சித்தி. என்ன பரிசு வேணும்னு நாமே லிஸ்ட் போட்டு இன்டர்நெட்ல வெச்சிடறது. வர்றவங்க பார்த்து வாங்கிட்டு வருவாங்க."

"கேட்டு வாங்கறதா? அசிங்கமா இருக்காது?"

"வாயால கேட்டாதான் அசிங்கம். லிங்க் அனுப்பினா ஸ்டைல்."

அந்த இணையதளத்தில் 'ஏற்கெனவே குடித்தனம் அமைந்த தம்பதிகளுக்கு' என்று தனிப் பகுதியே இருந்தது. தம்பதி பெயரில் வானத்தில் ஒரு நட்சத்திரம். சீஸ் வெட்ட ஒரு பலகை. தம்பதி பெயரில் ஏதோ ஒரு தேசத்தில் ஒரு ஆலிவ் மரம்.

"மரத்துக்கு யார் தண்ணி ஊத்தறது?" என்று ரெபேக்கா கேட்டாள்.

"அதை அவங்க பார்த்துப்பாங்க."

"அப்போ நமக்கு?"

"சர்டிபிகேட் வரும் சித்தி."

ரெபேக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷமாக, வலிக்கிற இடத்தைக் கேட்டு ஊசி போட்டவள். உண்மையில் எது வேண்டுமோ அதைத் தட்டினாள். சொன்ன நாளில் வருகிற ஒரு பிளம்பர். கூடுதல் கட்டிலைக் கீழே இறக்க நாலு பேர், அரை மணி நேரம். வீட்டுப் பத்திரத்தில் கிங்ஸ்லி பெயரைச் சேர்க்க ஆபீஸ் வரிசையில் நிற்க ஒருவர், அரை நாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு சாயங்காலம் சாவகாசமாக வந்து உட்கார்ந்து எங்களோடு சாப்பிட யாராவது.

லிங்க் போனது. ஊரே கப்சிப்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற நிம்மி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏன் ரெபேக்கா, ஒரு ஃபிரிட்ஜ் கேட்டிருக்கலாமே? வார்டே சேர்ந்து வாங்கியிருப்போம்."

"ரெண்டு இருக்கே நிம்மி. கட்டில் தூக்க ஒரு அரை மணி நேரம் வந்தா போதும்."

"கையில ஏதாவது கொண்டு வரச் சொல்லு, கொண்டு வரோம். கையையே கொண்டு வரச் சொன்னா எப்படி?"

செய்தி கிங்ஸ்லியின் தாய்மாமா குழந்தைசாமியின் காதுக்கு எட்டியது. அவர் ஓய்வு பெற்ற சூப்பரின்டெண்ட். தமிழ்க் குடும்பங்கள் நல்வாழ்வுச் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதானே தவிர, ஃபைலிலிருந்து அல்ல. உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். மணமக்களுக்கும் சம்மன் போயிற்று.

"மேற்படி பட்டியல் இக்கூட்டத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆழ்ந்த கவலையுடன் பரிசீலிக்கப்பட்டது" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினார். "விதி பதினொன்று. பரிசு எனப்படுவது மேடையில் கையளிக்கத்தக்கதாகவும், வண்ணக் காகிதத்தில் பொதியத்தக்கதாகவும், புகைப்படத்தில் விழத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்."

"மேடை எதுக்கு அங்கிள்? பிளம்பர் வீட்டுக்கு வந்து குழாயைச் சரி பண்ணினா போதும்" என்றாள் ரெபேக்கா.

"அப்படின்னா அது ரிப்பேர்மா. பரிசு ஆகாது. ரிப்பேருக்குச் சங்கத்தில் விதி இல்லை."

கிங்ஸ்லி மெதுவாக, "மாமா, பிளம்பரை மேடையில் நிறுத்தலாமே, போட்டோவிலும் விழுவார்" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் கேலி என்று தனியாக எழுதித் தராவிட்டால் மாமாவுக்குத் தெரியாது. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், கட்டில், வரிசை, சாப்பாடு மூன்றும் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டன. பிளம்பர் மட்டும் நிபந்தனைகளுடன் ஏற்கப்பட்டார்.

வரவேற்பு அன்று சங்கத்தின் முறை வந்தது. கௌதள்ளி ஊர்க்காரரான பிளம்பர் லிங்கப்பன் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பனோடு மேடை ஏறினார். கையிலிருந்த ஸ்பானர் ஜிகினாக் காகிதத்தில் மின்னியது.

"முழுசாக் காகிதம் சுத்தறேன்னாங்க அக்கா. மூச்சு விடோணும்னு சொல்லி ரிப்பனோட நிறுத்தினனுங்க" என்றார் ரெபேக்காவின் காதருகே.

"வேலைக்கு எப்போ வர்றீங்க?"

"மொதல்ல போட்டோ முடியட்டுங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மணமக்களைவிட லிங்கப்பனோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் வரிசை நீண்டது. மறுநாள் அந்தப் படம் மைசூரு முழுக்க எல்லார் போனிலும் சுற்றியது. அடுத்த வாரம் ஒரு டாக்டர் தம்பதி மேடையில் பிளம்பர் இல்லாமல் கல்யாணம் நடக்காது என்றார்கள். அதற்கடுத்த வாரம் எலக்ட்ரீஷியன். பிறகு வாட்டர் ஃபில்டர்காரர், தங்க நிற ரிப்பனில். லிங்கப்பன் கோட்டு தைத்துக்கொண்டார்.

ரெபேக்கா போன் செய்தால், "சீசன் முடியற வரைக்கும் ஒரு நாள் காலி இல்லீங்களே அக்கா" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அவள் சங்கத்துக்கே போனாள். "எங்க பரிசு வந்து சேரலை அங்கிள்."

குழந்தைசாமி பதிவேட்டைத் திறந்து போட்டோவைக் காட்டினார். "பெற்றுக்கொண்டு சிரிச்சிருக்கியேம்மா?"

"குழாய் இன்னும் ஒழுகுதே!"

"பரிசு கொடுக்கறது சங்கத்தோட கடமை. அதை வெச்சு வேலை வாங்கறது உங்க சாமர்த்தியம். மிக்ஸி கொடுத்தா, சங்கம் வந்து சட்னி அரைச்சுத் தருமா?"

இதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. வீட்டுக்கு வந்தவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்தாள். கிங்ஸ்லி போனில் வீடியோ பார்த்து, எந்தத் திருகை எத்தனை சுற்று என்று கணக்குச் சொன்னார். இரண்டு தடவை முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. மூன்றாவது தடவை வாஷரை மாற்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி டேப்பை இறுக்கிச் சுற்றினாள். நின்றுவிட்டது.

சண்டைக்கு மேலே வந்த தேவம்மா, நனைந்து நின்ற இருவரையும் பார்த்தாள். திரும்பக் கீழே போய் ஒரு பாத்திரம் பிசிபேளேபாத் எடுத்து வந்தாள். மூன்று பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இஷ்டேனா? இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு மாசம்?" என்று தேவம்மா கேட்டாள். ரெபேக்கா அன்றைக்குச் சிரித்த மாதிரி கல்யாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் மறுவாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நஞ்சன்கூட்டில் ஐம்பது தாண்டிய ஒரு ஜோடிக்குக் கல்யாணம். வீட்டில் எல்லாமே இருக்கிறது. அவர்கள் கேட்டது, வாரம் ஒரு முறை வந்து பிரஷர் பார்க்க ஒரு நர்ஸ். 'தாங்கள் பரிசாகத் தேர்வு செய்யப்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"நான் என்ன டம்ளர் செட்டா?" என்று ரெபேக்கா கொதித்தாள்.

"நீல ரிப்பன் சித்தி. உங்க கலருக்கு சூப்பரா இருக்கும்" என்றாள் ஜேன்.

திட்டுவதற்கென்றே நஞ்சன்கூடு போனாள். மேடையேறியதும் கைதட்டல் எழுந்தது. நானூறு பேர் எழுந்து நின்றார்கள். இருபது வருஷ உத்தியோகத்தில் ஒருவரும் அவளுக்காகக் கைதட்டியதில்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை நேராக்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நஞ்சன்கூட்டு மணப்பெண்ணிடமிருந்து போன் வந்தது. "சிஸ்டர், பிரஷர் பார்க்க இன்னும் ஒரு தடவைகூட வரலையே?"

"வரேன்மா, கண்டிப்பா வரேன்" என்றாள் ரெபேக்கா கண்ணாடி முன்னால் நின்றபடி. "அதுவரைக்கும் உப்பைக் குறைச்சுக்குங்க." போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, நீல ரிப்பனும் ஊக்கும் பிடித்து நின்ற கிங்ஸ்லியிடம் சொன்னாள்: "சீக்கிரம் குத்துங்க. இன்னைக்கு ரெண்டு மேடை."