கோபுவுக்கு ஒரு அமாவாசைச் சாப்பாடு

பெண் கேட்டுப் போகிறவனுக்குச் சம்பளம், ஜாதகம், சொந்த வீடு, வெற்றிலை பாக்குப் பழக்கம் என்று ஏகப்பட்ட பரீட்சை வைப்பார்கள். எனக்கு வைத்தது ஒரே ஒரு பரீட்சை. அதற்கு நாலு கால், ஒரு வால். அதிலும் நான் ஃபெயில்.

வித்யாவும் நானும் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே ஆபீஸ். எங்கள் குடும்பம் விருதுநகர்ப் பக்கம், அப்பாவுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. அவள் வீடு மந்தைவெளியில் மூன்றாம் மாடி ஃபிளாட். அங்கே ஞாயிற்றுக்கிழமை பூஜை மணியோடு விடியும். எங்கள் வீட்டு ஞாயிறு மசாலா அரைக்கும் மிக்ஸி சத்தத்தோடு விடியும். இந்த வித்தியாசம் அவள் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணப் பேச்சை எடுத்தபோது மனுஷன் முடியாது என்று சொல்லவில்லை. “பார்ப்போம்” என்றார். அதன் பிறகு எப்போது கேட்டாலும் அதையேதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டி வந்தது. வீட்டில் கோபு என்று ஒரு லேப்ரடார். (நாய்க்குக் கோபு என்று பெயர் வைக்கிற குடும்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.) வழக்கமாகப் பார்த்துக்கொள்கிறவர் ஊரில் இல்லை. வித்யா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா என்னை வரச்சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“கோபு வேத்து மனுஷா கையால சாப்பிட மாட்டான். நீங்க அவனை நன்னா பாத்துண்டேள்னா, வந்து மத்ததைப் பேசலாம்.”

மத்தது என்றால் கல்யாணம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கோபுவின் சாப்பாடு பாக்கெட்டில் வருகிற டிரை ஃபுட். பாக்கெட்டின் மேல் ஒரு பெரிய கோழிப் படம் உண்டு. அதனால் அது பால்கனியில், படம் சுவரைப் பார்த்தபடி நிறுத்தப்பட்டிருக்கும். வித்யாவின் அம்மா, அதாவது மாமி, அதை ‘அந்த பிஸ்கட்’ என்று மட்டும் சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. வெறும் பிஸ்கட்டோடு தினமும் கொஞ்சம் காய்கறியும் சேர்த்துக் கொடுங்கள் என்று நாய் டாக்டர் சொல்லியிருந்தார். வித்யா செய்து காட்டினாள். ஒரு கிண்ணம் பிஸ்கட். அதன் மேல் வேகவைத்து மசித்த காரட்டோ மஞ்சள் பூசணியோ இரண்டு ஸ்பூன். உப்பு, காரம் கிடையாது. வெங்காயம், பூண்டு, திராட்சை கிட்டவே வரக்கூடாது.

“அவ்ளோதான். உன் மூளையை இதுல யூஸ் பண்ணாதே” என்றாள். (பண்ணாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை கிடைத்திருக்காது.)

சனிக்கிழமை ஒழுங்காகப் போயிற்று. கோபு என் கையால் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் விருந்தாளி இலையை மூடிவிட்டாலும் திறந்து ரசம் ஊற்றுவார்கள். “போதும்” என்று சொன்னால் “இன்னும் கொஞ்சம்” என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிற வம்சம் நாங்கள். அப்படிப்பட்டவன் ஒரு ஜீவனுக்கு இரண்டு ஸ்பூன் காரட் அளந்து போட்டுவிட்டு நிற்கிறேன். எனக்கே அவமானமாக இருந்தது.

மறுநாள் அமாவாசை. காலையில் மாமி போன் செய்தார். சாப்பாடு வெளியில் வாங்குவதாக இருந்தால் வெங்காயம் பூண்டு போடாததாகப் பார்த்து வாங்க வேண்டும், இன்றைக்கு மற்றது எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றார். போனை வைத்ததும் என் மண்டைக்குள் பல்பு எரிந்தது. வெங்காயம் பூண்டு கூடாது என்று மாமி சொல்கிறார். நாய் டாக்டரும் அதையேதான் சொல்கிறார். அப்படியென்றால் அமாவாசைச் சமையல் என்பது லேப்ரடாருக்கென்றே முன்னோர்கள் வகுத்து வைத்த டயட் அல்லவா? இத்தனை தலைமுறையாக இந்த உண்மை யாருக்கும் தெரியாமல் போய், விருதுநகர்க்காரன் ஒருவன் வந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் இரண்டு சாப்பாடு பார்சல் வாங்கினேன். எனக்கு ஒன்று, கோபுவுக்கு ஒன்று. பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, நெய், தயிர்ப் பச்சடி, பாயசம். பாயசத்தில் திராட்சை கிடந்ததால் அதை மட்டும் நானே குடித்துவிட்டேன். (அந்த அளவுக்கு விவரம்.) கூட்டில் உப்பு இருக்கிறது, மிளகாய் இருக்கிறது, தேங்காய் அரைத்து ஊற்றியிருக்கிறது என்பதெல்லாம் தோன்றவே இல்லை. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, ஆகவே பாஸ். பிஸ்கட்டின் மேல் மொத்தத்தையும் கொட்டி, நெய் விட்டு வைத்தேன்.

கோபு சாப்பிட்ட வேகத்தில் தட்டு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. காலித் தட்டைப் போட்டோ எடுத்து வித்யாவுக்கு அனுப்பினேன். “அப்பா ‘பரவாயில்லையே’ங்கறார்” என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையில் மயங்கி, சாயங்காலம் என் பங்குக் கூட்டையும் அவனுக்கே போட்டேன்.

திங்கள் காலை அவர்கள் வருகிற நாள். வரவேற்கப் புது வேஷ்டி கட்டிக்கொண்டு நின்றேன். கோபுவின் வயிற்றுக்குள் மேளம் கேட்டது. அவன் ஓடிப்போய் வாசல் கதவைப் பிறாண்டினான். மூன்று மாடி இறங்கினால் நேரமாகும் என்று லிப்டில் ஏற்றினேன். அந்த லிப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். செல்லப் பிராணிகள் லிப்டை அசுத்தம் செய்தால் அழைத்து வந்தவரே சுத்தம் செய்ய வேண்டும், இப்படிக்கு அசோசியேஷன் செக்ரட்டரி. செக்ரட்டரி வேறு யாருமில்லை, வித்யாவின் அப்பாதான்.

இரண்டாம் மாடி தாண்டியது. முதல் மாடி தாண்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள், அதனால் இதற்கு மேல் விவரிக்கமாட்டேன். ஒரு முழுச் சாப்பாட்டோடு இன்னொரு சாப்பாட்டின் கூட்டும் உள்ளே போயிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கீழே கதவு திறந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார் இது? செக்ரட்டரி சார் இப்பதான் போன் பண்ணாரு. வந்துகினே கீறாராம்.”

அவர் கோபுவை மரத்தடிக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஒரு வாளியும் பினாயிலும் கிடைத்தன. புது வேஷ்டியை மடித்துக் கட்டி, மண்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் டாக்ஸி நின்றது. அப்பா, மாமி, வித்யா மூவரும் பெட்டிகளோடு லிப்ட் முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே நான். என் தலைக்கு மேலே அவருடைய நோட்டீஸ்.

“என்ன போட்டேள் கோபுவுக்கு?” என்று மாமி கேட்டார்.

“அமாவாசைச் சாப்பாடு, மாமி. வெங்காயம் பூண்டு இல்லாதது.”

வித்யா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ‘பார்ப்போம்’ கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பினாயில் நெடி என்று வாட்ச்மேனிடம் சமாளித்தேன்.

கோபு மறுநாளே தேறிவிட்டான். பழைய சாப்பாட்டையே கொடுங்கள், மேலே போடுவது இரண்டு ஸ்பூனைத் தாண்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் கோபு பிஸ்கட்டைத் தொடவில்லை. காரட்டை மோந்துவிட்டு, வாசல் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டானாம். இதெல்லாம் வித்யா ஆபீஸில் சொன்னது. மூன்றாம் நாள் அவள் அப்பாவே என்னைக் கூப்பிட்டார்.

“கோபு சாப்பிடமாட்டேங்கறான். உங்களைத்தான் தேடறான் போலிருக்கு. செத்த வந்துட்டுப் போங்கோ.”

போனேன். பூசணியை உப்பில்லாமல் வேகவைத்து, சரியாக இரண்டு ஸ்பூன் போட்டு, சாதம் பிசைகிற மாதிரி பிஸ்கட்டோடு கையால் பிசைந்து வைத்தேன். தின்றான். மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாள் போன் வருவதற்கு முன்பே போய்விட்டேன். முதலில் காப்பி கொடுத்தார்கள், பிறகு டிபன் கொடுத்தார்கள். ஒரு சாயங்காலம் நான் குனிந்து பிசைந்துகொண்டிருக்கும்போது வித்யாவின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“தினம் ஈக்காட்டுத்தாங்கல்லேர்ந்து வந்துண்டு போறது உங்களுக்கும் சிரமம்தானே? ஒரு நல்ல நாளா பாத்துடலாமா?”

பூசணிக் கையோடு தலையாட்டினேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாயிற்று. கோபுவுக்கு இப்போது மூக்கு நரைத்துவிட்டது. பெட்டிக்கடை வைக்கிற அளவுக்கு எனக்குத் தொப்பை போட்டுவிட்டது. இன்றைக்கும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் மாமி எனக்கு இரண்டாம் தரம் கூட்டு பரிமாற வந்தால் போதும், மாமனார் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்:

“பாத்துப் போடு. மாப்பிள்ளை லிப்டுல இறங்கணும்.”