தொலைபேசி கிடைக்காததற்கான விளக்கம்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு, கீழ் வீட்டுத் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் மருமகனும் அவன் மனைவியும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் மருமகன் சொல்லியிருப்பான். நேற்று அவன் என் கைபேசிக்கு அனுப்பிய செய்தி வேறு. "மாமா, அம்மா மூணு நாளா உங்க வீட்டு போனுக்கு அடிக்கிறாங்க, எப்பவும் பிஸியாவே இருக்கு. யாருகிட்ட மாமா அப்படிப் பேசறீங்க?" கடைசியில் கண்ணடிக்கிற முகம் ஒன்று. அவன் என்ன நினைக்கிறான், நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் அதற்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை. நான் பேசிக்கொண்டிருப்பது வக்கீல்களிடம். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். என் மேல் வழக்கு ஒன்றும் இல்லை, பதறாதே.

நீ இங்கிருந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. ஏன் போனாய் என்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. ஐந்து மாதம் கழித்து நீயாகக் கூப்பிட்டிருக்கிறாய், அந்த நேரம் பார்த்து என் போன் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்காமல் இருந்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதற்கு மட்டும்தான் இந்த விளக்கம்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் "வக்கீலுங்களுக்கு டியூஷன் எடுக்கறான்" என்று நீ சொல்லி வருகிறாய். நான் மறுத்ததில்லை, ஏனென்றால் சரியான பதிலைச் சொல்லி யாருக்கும் இதுவரை புரியவைக்க முடிந்ததில்லை. வக்கீல்கள் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் படித்தால்தான் தொழிலைத் தொடரலாம் என்று ஒரு விதி. அந்தப் படிப்பை எங்கள் நிறுவனம் தருகிறது. சட்டப் பேராசிரியர் இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதிக் கொடுப்பார். அதை வக்கீல் உண்மையிலேயே உட்கார்ந்து செய்கிற பாடமாக மாற்றுவது நான். பயிற்சி வடிவமைப்பாளர் என்று அலுவலகத்தில் என் மேசையில் எழுதியிருக்கிறது, வேலை செய்வது பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். பேராசிரியர் என்னைத் தட்டச்சு செய்பவன் என்று நினைக்கிறார், கணினிப் பிரிவில் என்னை வக்கீல் என்று நினைக்கிறார்கள், வக்கீல்கள் என்னைப் பார்த்தால் "ஸ்பீக்கர் வேலை செய்யல, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நான் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: இதைப் படித்தவர் நாளைக்குக் காலையில் எதை வேறு மாதிரி செய்யப்போகிறார்? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. நாற்பது நிமிஷப் பாடத்தை வக்கீல்கள் நாலு நிமிஷத்தில் முடிக்கிறார்கள், 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே சாப்பிடுகிறார்கள். இது எங்கள் பதிவேட்டில் தெரிகிறது. சாப்பிடுவது தெரியாது, அது என் யூகம்.

அதனால் இந்த வருஷம், 'கட்சிக்காரரோடு முதல் உரையாடல்' என்கிற பாடத்துக்கு ஒரு புது உத்தி செய்தேன். பாடத்தில் ஒரு கட்சிக்காரரின் கோப்பு இருக்கும், கீழே அவருடைய தொலைபேசி எண் இருக்கும், வக்கீல் நிஜமாகவே அந்த எண்ணுக்கு அடித்துப் பேச வேண்டும். கட்சிக்காரர் தன் குறையைச் சொல்வார், ஆனால் முக்கியமான விஷயம் ஒன்றை மறைத்து வைத்திருப்பார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு வக்கீல் பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருந்தால்தான் அது வெளியே வரும். வந்ததைப் பாடத்தில் எழுதினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். "பத்து விநாடியா!" என்று பேராசிரியர் குதித்தார். "கோர்ட்ல பத்து விநாடி சும்மா நின்னா எதிர்த்தரப்பு எழுந்துடும்யா!" அதுக்குத்தான் சார் பாடம் என்றேன். கட்சிக்காரராகப் பேச ஓய்வுபெற்ற நாடக நடிகர் ஒருவரை நியமித்து, அலுவலகத்தில் தனி அறை, தனி போன் எல்லாம் கொடுத்தார்கள். அந்த எண் கிடைக்கத் தாமதமானது. பாடம் எழுதும்போது முடிவாகாத இடங்களில் எதையாவது போட்டு வைத்துவிட்டுப் பிறகு மாற்றுவது எங்கள் வழக்கம், ஆனால் போன் எண் என்றால் யாரையும் தொந்தரவு செய்யாத எண்ணாகப் போட வேண்டும். யோசித்தேன். யாருமே கூப்பிடாத எண், அடித்தாலும் யாருக்கும் தொந்தரவாகாத எண் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் வீட்டு எண். போட்டேன். பிறகு மாற்ற மறந்துவிட்டேன்.

பாடம் வெளியான அன்று காலை ஒன்பதே காலுக்கு முதல் மணி அடித்தது. அக்கா, இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் எத்தனை மாதம் கழித்துக் கேட்டேன் என்றால், முதலில் குக்கரைப் போய்ப் பார்த்தேன். எடுத்தால் ஒரு வக்கீல், நீதிபதியிடம் பேசுகிற தொனியில், "நீங்கள்தான் கோப்பில் கண்டுள்ள கட்சிக்காரரா?" என்கிறார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க, சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு இருபத்தாறு பேர். பத்து விநாடி சும்மா இருக்க முடியாதவர்கள் அடுத்த பக்கம் திறக்காமல் மறுபடி மறுபடி அடிக்கிறார்கள், அதனால்தான் போன் ஓய்வதே இல்லை. ஒருவர் ஆறு தடவை அடித்தார். ஆறாவது தடவை, "யோவ், என்னதான்யா மறைக்கிற? சொல்லித் தொலையேன், எனக்கு மூணு மணிக்கு வாய்தா இருக்கு" என்று கெஞ்சினார். இன்னொருவர் என்னை இயந்திரம் என்று நினைத்து, "அடுத்த கேள்விக்கு ஒண்ணை அழுத்தணுமா?" என்று கேட்டார். அழுத்துங்க என்றேன். அழுத்தினார். பாவம், நிம்மதியாக இருந்தது அவருக்கு. நான் மட்டும் கட்சிக்காரரின் மரியாதைக்காக நாலாவது மணியில்தான் எடுப்பேன். முதல் மணியிலேயே எடுப்பவன் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும்; இதை வக்கீல்களுக்கும் பாடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அங்கே அந்த நடிகர் ஒன்பது நாளாக, போனில் தெரியாது என்று தெரிந்தும் நரைமீசை ஒட்டிக்கொண்டு, ஒலிக்காத போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தொரு பேர் தேறி, 'கட்சிக்காரராகப் பேசியவர் அபாரம், நிஜ மனிதர் போலவே இருந்தார்' என்று எழுதிவிட்டார்கள். எங்கள் நிறுவன இயக்குநர் அம்மா அந்த அறைக்கே போய் நடிகரைப் பாராட்டினாராம். அவர் எழுந்து நின்று கைகூப்பி, "எல்லாம் நாற்பது வருஷ மேடை அனுபவம்மா" என்றாராம். கலைஞன் என்றால் அவன்தான்.

கோப்பில் உள்ள கட்சிக்காரர் யார் என்று நீ கேட்பாய். அறுபத்தோரு வயது, தனியாக இருப்பவர். மேல் வீட்டில் பகலெல்லாம் தையல் மிஷின் ஓடுகிறது, வழக்குப் போட வேண்டும் என்கிறார். முழுக்கக் கற்பனை. வயதை மூன்று கூட்டியிருக்கிறேன்.

சரி, ஒரு வரி எழுதிவிடுகிறேன். என் மேசைக்கு நேர் மேலேதான் உன் மிஷின் இருந்தது. நான் பாடங்களுக்குக் குரல் பதிவு செய்யும்போதெல்லாம் அது உள்ளே வந்தது. 'சாட்சியச் சட்டம்' பாடத்தைக் கேட்ட பேராசிரியர், "பின்னால யாருய்யா துணி தைக்கிறது?" என்று கேட்டது உனக்குத் தெரியாது. அதன் பிறகுதான் குடியிருப்போர் சங்கத்துக்கு ஏழு அம்சங்களோடு புகார் எழுதினேன். அதை அவர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ காய்கறிப் பையோடு அங்கே நின்று ஏழையும் படித்தாய் என்று செயலாளர் சொன்னார். என்னிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் மருமகன் வண்டியோடு வந்து மிஷினை இறக்கினான். "அங்க குழந்தையப் பாத்துக்க ஆள் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் புகார் சங்க விதிகளின்படி சரியானதுதான் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கட்சிக்காரர் மறைக்கிற விஷயம் என்னவென்றால், மேல் வீடு காலியாகி மாதக்கணக்காகிறது. இப்போது சத்தமே இல்லை. அதற்கு வழக்குப் போட முடியுமா என்பதுதான் அவர் கேட்க வந்தது.

மருமகனிடம் நீ எந்த நேரத்தில் அடித்தாய் என்று கேட்டேன். முதல் தடவை செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்து என்றான். ஒவ்வொரு அழைப்பையும் நான் நோட்டில் குறித்து வைக்கிறேன். செவ்வாய் நாலு இரண்டு முதல் நாலு முப்பத்தொன்று வரை ஒரு வக்கீலம்மா. கனத்த குரல், வயதானவர். மற்றவர்களைப் போல என்னை அவசரப்படுத்தவில்லை. கேட்டுக்கொண்டே வந்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். பத்து விநாடி காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அதோடு வைத்துவிட வேண்டியதுதான், பாடம் முடிந்தது. அவர் வைக்கவில்லை.

"அந்த மேல் வீட்டம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"ஃபைல்ல பக்கத்து வீட்டுக்காரங்கன்னு போட்டிருக்கே."

"ஆமாங்க, போட்டிருக்கு."

"படியேறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எத்தனை படி?"

"பதினெட்டு."

"முட்டி வலியா?"

"இல்லீங்க."

அப்புறம் அவர் மறுபடி சும்மா இருந்தார். நான் கண்டுபிடித்த உத்தி அக்கா, என் மேலேயே பிரயோகிக்கிறார். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னென்னமோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறதைக்கூடச் சொல்லிவிட்டேன். கடைசியில் அவர், "உங்களுக்குக் கேஸ் இல்ல. குடுத்த புகாரை வாபஸ் வாங்குங்க. எந்தப் பலகையில ஒட்டினாங்களோ அதே பலகையில ஒட்டுங்க. நாலு பேர் படிச்சதை நாலு பேர் படிக்கணும்" என்றார். சரிங்க என்றேன். "இதுக்கு எனக்கு மார்க் உண்டா?" என்றார். பாடத்தில் இது இல்லீங்க என்றேன். "அப்போ எழுதிச் சேருங்க" என்று வைத்துவிட்டார்.

நான் உன்னைப் பற்றி யாரோ ஒரு வக்கீலிடம் இருபத்தொன்பது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் நீ எனக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

நானே திருப்பிக் கூப்பிடலாமே என்பாய். உன் எண்ணில் நாலு இலக்கம் வரை அழுத்தினேன். பிறகு, நீ எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். வைத்த உடனே ஒரு வக்கீல் வந்துவிட்டார். இப்படி மூன்று தடவை.

என்னுடைய முடிவுகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணை நான் மாற்றப்போவதில்லை, பாடம் நன்றாகப் போகிறது, போகிற பாடத்தில் கை வைப்பது தொழிலுக்கு அழகல்ல. அந்த அம்மா சொன்னது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள யோசனை, ஆகவே என்னைக் கட்டுப்படுத்தாது. உன் ஜன்னலைத் திறந்து வைப்பது பூஞ்சை பிடிக்காமல் இருக்க. வேறு காரணம் இல்லை. பழைய 'சாட்சியச் சட்டம்' பதிவை நான் இன்னும் அழிக்காதது தொழில்நுட்பக் காரணத்தால். நான் தனியாக இருக்கிறேன் என்று மருமகன் கவலைப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு முப்பது பேரோடு பேசுகிறவனைத் தனியாள் என்று யார் சொல்வார்கள்? நீ அங்கேயே சௌகரியமாக இரு. அவசரமாக எதுவும் இருந்தால் மட்டும் கடிதம் போடு.

குழந்தைக்கு என் முத்தங்கள், மருமகனுக்கும் அவன் மனைவிக்கும் ஆசிகள். உன் காலைத் தொட்டு வணங்கும்

தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட வாசலுக்குப் போனேன். பலகையில் என் புகார் இன்னும் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்குப் பக்கத்தில், வெளுத்துப்போய். நின்று படித்தேன். ஐந்தாவது அம்சம்: 'கத்தரிக்கோல் அடிக்கடி கீழே விழும் சத்தம்.' அடிக்கடி விழுகிறது என்று நாள், நேரத்தோடு எழுதியிருக்கிறேன், அக்கா. ஏன் விழுகிறது என்று உன்னிடம் கேட்கவில்லை. உன் கைக்கு என்ன? வக்கீல்களுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தருகிறவன் நான்.

வீட்டுக்குத் திரும்பி ஏழு அம்சங்களையும் தனித்தனியாக வாபஸ் வாங்கி ஒரு தாள் எழுதி, அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். செயலாளர் படித்துவிட்டு, "அந்தம்மாதான் இங்க இல்லையே சார், இப்ப எதுக்கு?" என்றார். "அதுக்குத்தான் சார்" என்றேன். இயக்குநர் அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டினார். பாடத்தில் இப்போது அலுவலக எண் இருக்கிறது. நடிகருக்கு முதல் அழைப்பு வந்து, பதற்றத்தில் அவர் மறைக்க வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டாராம். முடிவுகள் என்று மேலே எழுதியவற்றை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பூஞ்சையும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. மிஷினையும் கொண்டு வா, அதே இடத்தில் போடு.

மதியத்திலிருந்து போன் சும்மா கிடக்கிறது. இனி இந்த எண்ணுக்கு அடிப்பது நீ ஒருத்திதான். நாலாவது மணி வரைக்கும் காத்திருக்க மாட்டேன். முதல் மணியிலேயே எடுப்பேன்.